இரண்டு வருஷக் கலைப் படிப்பு: அதைக் கொண்டு என்ன வேலை?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் பேச்செல்லாம் பொறியியல், மருத்துவம், சி.ஏ. என்றே ஓடும். பி.ஏ. சேர்ந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "சும்மா பி.ஏ. தான் சார்" என்று பெற்றோரே குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். சரித்திரம், அரசியல், பொருளாதாரம், இலக்கியம், சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவே இல்லை. அவர்களுக்கு வழி சொல்லும் எழுத்துதான் குறைவு.

இப்போது அந்தப் பேச்சில் ஒரு புதுக் கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ரெண்டு வருஷம் படிச்சிட்டு வெளியே வந்தாலும் டிப்ளமா குடுக்கறாங்களாமே! அதை வெச்சு ஒரு வேலையில சேர்ந்துடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் கஷ்டம் உள்ளவர்கள். அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அல்லது உடம்பு முடியாமல் இருக்கும். ஒரு வருஷச் சம்பளம் முன்னதாக வந்தால் வீட்டுக்கு மூச்சு விட முடியும் என்ற நிலை. ஆகவே இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். அதில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜையில் கழிந்தன. ஓய்வு பெற்ற பின் தில்லியில் நம் சங்கத்துக்கு வரும் இளைஞர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மேஜையில் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு சான்றிதழின் மதிப்பைக் கொடுக்கிறவர் மட்டும் நிர்ணயிப்பதில்லை. வாங்கிப் பார்க்கிறவரின் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். கட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாளானாலும் கீழே உள்ள கட்டத்தில்தான் போய் விழும். இக்கட்டுரை முழுவதையும் அந்த ஒரு கருத்தை வைத்துக் கொண்டே படிக்கலாம்.

எஃப்.ஏ. காலமும் இன்டர் காலமும்

இரண்டு வருஷக் கலைப் படிப்பு நமக்குப் புதிதல்ல. மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து எழுதிய தேர்வுக்கு எஃப்.ஏ. என்று பெயர். பின்னாளில் அதுவே இன்டர்மீடியட் ஆயிற்று. நம் தாத்தாக்கள் "இன்டர் பாஸ்" என்று சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் இருக்கும். காரணம், அன்றைய அலுவலகங்களில் அந்தப் படிப்புக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. குமாஸ்தா உத்தியோகத்துக்கு மெட்ரிக் போதும், இன்டர் என்றால் இன்னும் விசேஷம்.

அந்தப் படியில் ஏற முடியாமல் போனவர்களில் உலகறிந்த ஒருவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணத்திலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பரீட்சை அவரை எடை போடத் தவறியது என்பது ஒரு பக்கம். படிப்பின் படிகளும் உத்தியோகத்தின் படிகளும் அன்றே எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தன என்பது இன்னொரு பக்கம்.

1950-களில் சென்னை ராஜதானிப் பக்கம் இன்டர் போய் பி.யு.சி. வந்தது. கோத்தாரிக் குழு 1966-இல் அறிக்கை தந்தபின் நாடு முழுவதும் 10, அதன்மேல் 2, அதன்மேல் 3 என்ற முறை படிப்படியாக நிலைபெற்றது. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி வகுப்புகள் 1978-இல் தொடங்கின. இதன் விளைவைக் கவனியுங்கள். முன்பு கல்லூரியில் படித்த அந்த இரண்டு வருஷமே பள்ளிக்கூடத்துக்குள் பிளஸ் டூவாக வந்துவிட்டது. உத்தியோக விதிகளும் அதற்கேற்ப மாறின. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்று மூன்று கட்டங்கள் நிலைத்தன. பன்னிரண்டுக்கும் பட்டத்துக்கும் நடுவே கலைப் படிப்புக்கு ஒரு கட்டமும் இல்லாமல் போயிற்று.

இன்றைய விதி என்ன சொல்கிறது?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுவில் வெளியேறும் வசதியைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி கணக்கு இப்படி: முதல் வருஷம் முடிந்து 40 கிரெடிட் சேர்ந்தால் சான்றிதழ். இரண்டாம் வருஷம் முடிந்து 80 கிரெடிட் சேர்ந்தால் டிப்ளமா. மூன்று வருஷத்துக்கு 120 கிரெடிட், பட்டம். நான்கு வருஷத்துக்கு 160 கிரெடிட், ஆனர்ஸ் பட்டம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நடக்கும் திட்டத்தில் எண்கள் சற்றுக் கூடுதல். அங்கே இரண்டு வருஷத்துக்கு 88 கிரெடிட்.

இதில் பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று இருக்கிறது. மானியக் குழுவின் சட்டகப்படி, முதல் அல்லது இரண்டாம் வருஷத்தில் வெளியேறுகிறவர் கோடை விடுமுறையில் 4 கிரெடிட் மதிப்புள்ள தொழில்சார் பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். "ரெண்டு வருஷம் உட்கார்ந்தா டிப்ளமா" என்று நினைப்பது சரியல்ல. மூன்றாம் செமஸ்டரோடு நின்றுவிட்டாலும் டிப்ளமா கிடையாது.

மறுபக்கம், வெளியேறியவர் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து சேரலாம், மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம் என்று அதே சட்டகம் சொல்கிறது. சேர்த்த கிரெடிட்டுகளைப் பாதுகாக்க 2021-இல் கல்விக் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாடும் வந்தது. டிஜிலாக்கர் வழியாக அதில் கணக்குத் திறக்கலாம். போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு மாதிரிதான். போட்டது அங்கே இருக்கும். ஆனால் ஏழு ஆண்டு வரைதான் செல்லும். காலம் கடந்தால் கணக்கு காலாவதி.

எல்லா மாநிலத்திலும் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கர்நாடகம் நான்கு வருஷத் திட்டத்தை 2021-இல் ஏற்று, 2024-இல் மூன்று வருஷப் பட்டத்துக்கே திரும்பியது. தமிழ்நாட்டு அரசு இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய மூன்று வருஷப் பட்டம்தான். ஆகவே பெங்களூரில் இருக்கும் மைத்துனர் மகன் சொன்னதை வைத்துத் தில்லியிலோ கொல்கத்தாவிலோ முடிவெடுக்கக் கூடாது. அவரவர் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்வதே நல்லது.

டிப்ளமா என்ற சொல்லின் மயக்கம்

நம் வீடுகளில் டிப்ளமா என்றால் பாலிடெக்னிக் நினைவுதான் வரும். பத்தாவதுக்குப் பின் மூன்று வருஷம் படித்து வாங்கும் பொறியியல் டிப்ளமா அது. அதற்கு ஜூனியர் இன்ஜினீயர் என்ற பதவியே விளம்பரங்களில் காத்திருக்கிறது. பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரவும் வழி உண்டு.

இரண்டாவது வகை, தொழில் டிப்ளமா. ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கான இரண்டு வருஷ டி.எல்.எட். அதற்கு நல்ல உதாரணம். பன்னிரண்டாவது முடித்துச் சேரலாம். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்த இரண்டு வருஷப் படிப்பின் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. தகுதித் தேர்வையும் எழுதித் தேற வேண்டும் என்பது தனி.

மூன்றாவது வகைதான் பி.ஏ.வில் இரண்டு வருஷம் முடித்துப் பெறும் டிப்ளமா. எழுத்தில் மூன்றும் டிப்ளமாவே. முதல் இரண்டுக்கும் விளம்பரத்தில் கட்டம் உண்டு. மூன்றாவதற்கு இன்னும் இல்லை. ஆசிரியர் வேலையே குறிக்கோள் என்றால், பி.ஏ.யில் இரண்டு வருஷம் படித்து நிற்பதைவிட டி.எல்.எட். இரண்டு வருஷம் படிப்பது நேரான பாதை. காலம் அதே காலம், செலவும் ஏறக்குறைய அதே செலவு, பலன் வேறு.

அரசு வேலையில் அது எங்கே நிற்கும்?

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் தேர்வுகளை எடுத்துக் கொள்வோம். சி.எச்.எஸ்.எல். என்ற தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும். 18 முதல் 27 வயது வரை எழுதலாம். சட்டப்படியான வயதுச் சலுகைகள் தனி. அதில் தேறினால் கீழ்நிலை எழுத்தர், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் போன்ற பதவிகள். எழுத்தருக்கு ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் லெவல் 2, அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் தொடக்கம். ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 35 சொல் அல்லது இந்தியில் 30 சொல் டைப் அடிக்க வேண்டும். இரண்டு வருஷ டிப்ளமாக்காரர் இங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் டிப்ளமாக்காரராக அல்ல, பிளஸ் டூக்காரராக.

அதே கமிஷனின் சி.ஜி.எல். தேர்வுக்குப் பட்டம் வேண்டும். அதில் லெவல் 4 முதல் லெவல் 7 வரை பதவிகள் உண்டு. உதவிப் பிரிவு அலுவலர் பதவி லெவல் 7, அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். ரயில்வேயில் என்.டி.பி.சி. தேர்விலும் இதே பிரிவினைதான். பன்னிரண்டாவது முடித்தவர் டிக்கெட் கிளார்க், ஜூனியர் கிளார்க் ஆகலாம். பட்டதாரி ஸ்டேஷன் மாஸ்டர் ஆகலாம். முன்னது லெவல் 2, 3. பின்னது லெவல் 6, தொடக்கம் 35,400. ஒரே ஒரு வருஷப் படிப்பு இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே சுவராக நிற்கிறது.

பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலைக்கும் இப்போது பட்டம் தேவை. எல்.ஐ.சி. அசிஸ்டெண்ட் வேலைக்கும் அப்படியே. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் சொல்லவே வேண்டாம். பி.எட்., மூன்று வருஷச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ., எம்.ஏ., நூலக அறிவியல் பட்டம் எல்லாமே பட்டத்தின் மேல் கட்டியவை. இரண்டு வருஷத்தோடு நிற்பவருக்கு இவ்வளவு வாசலும் மூடியே இருக்கும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு மாதிரி நிற்கிறது. அது நம்மவர்களுக்குப் பழகிய பழைய வித்தை. சுருக்கெழுத்து. தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அன்று ரயிலேறிய தமிழர்கள் பலரின் பெட்டியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு ஷார்ட்ஹாண்ட், டைப்ரைட்டிங் சான்றிதழும் இருந்தது. இன்றும் ஸ்டெனோகிராபர் தேர்வுக்குப் பன்னிரண்டாவது போதும். கிரேடு டி பதவிக்கு நிமிஷத்துக்கு 80 சொல், கிரேடு சி பதவிக்கு 100 சொல், பத்து நிமிஷ டிக்டேஷன். கிரேடு டி லெவல் 4-இல் தொடங்குகிறது. சி.ஜி.எல். எழுதி வரும் பட்டதாரிகளில் சிலர் உட்காரும் அதே படி அது. "அதெல்லாம் தாத்தா காலத்து வேலை" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தாத்தாவின் வேலைதான் பேரன் பேத்தியின் டிப்ளமாவை விட ஒரு படி மேலே கொண்டு போய் வைக்கிறது.

தனியார் துறையில் நிலவரம்

தனியார் துறையில் கட்டங்கள் அவ்வளவு இறுக்கம் இல்லை. வாடிக்கையாளர் சேவை மையம், ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை, டிராவல் ஏஜென்சி, கடைத்தொகுதி மேலாண்மை, இன்டர்நெட் வணிக நிறுவனங்களின் பின்னணி அலுவலகம், விமானப் பணிப்பெண் வேலை ஆகியவற்றில் பன்னிரண்டாவது முடித்தவரையும் எடுக்கிறார்கள். காப்பீட்டு முகவராகப் பத்தாவதே போதும், அதற்கான தேர்வில் தேறினால் சரி. இங்கேயும் டிப்ளமாத் தாளைப் பார்த்துச் சம்பளம் போடுகிறவர் அபூர்வம். ஆளைப் பேச விட்டுப் பார்ப்பார்கள். ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போடச் சொல்வார்கள்.

கலைப் படிப்பின் உண்மையான பலன் இங்கேதான் தெரியும். நீண்ட ஒரு பத்தியைப் படித்து நான்கு வரியில் சாரம் சொல்வது, எதிராளி சொல்வதைப் புரிந்து பதில் எழுதுவது, இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டு முடிவு சொல்வது, இவையெல்லாம் இரண்டு வருஷத்தில் ஒழுங்காகப் படித்தவருக்கு வந்திருக்கும். தாளில் கட்டம் இல்லாத இந்தத் திறமையை நேர்முகத்தில்தான் காட்ட முடியும். ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கல்லூரியில் எழுதிய நல்ல கட்டுரை இரண்டு மூன்றைச் செம்மையாகத் தட்டச்சு செய்து கையில் வைத்துக் கொள்ளுங்கள். மார்க் ஷீட் பேசாததை அது பேசும்.

வெளி மாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொத்தும் உண்டு. அதை அவர்கள் சொத்தாகவே நினைப்பதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ வங்காளியோ மராத்தியோ, வகுப்பில் ஆங்கிலம். நொய்டாவிலும் குருகிராமத்திலும் தமிழ் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஆள் தேடும் நிறுவனங்கள் இருக்கின்றன. எதிர்த்திசையிலும் தேவை உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் ஏராளமாக வருகிறார்கள். நோயாளியின் மொழியும் தெரிந்து டாக்டரிடம் தமிழிலும் பேசத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் எவ்வளவு உபயோகம் என்பதை அங்கே ஒரு நாள் நின்றவர்கள் அறிவார்கள். கொல்கத்தாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இது பிறப்பிலேயே வந்த தகுதி. ஆனால் தமிழ் பேசத் தெரிந்தால் போதாது. எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சும் தெரிந்தால் விண்ணப்பத்தில் அது ஒரு தனி வரி. நம் சங்க வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்பது பண்பாட்டுக்காக மட்டும் அல்ல, பிழைப்புக்காகவும்தான்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

"என் மச்சினன் பொண்ணு அமெரிக்காவில ரெண்டு வருஷ டிகிரி வாங்கி வேலைக்குப் போயிட்டாளே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே கம்யூனிட்டி காலேஜ்களில் ஏறக்குறைய 60 கிரெடிட்டில் அசோசியேட் பட்டம் தருகிறார்கள். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் கல்லூரி 1901-இலேயே தொடங்கியது. ஆக, நூறு வருஷத்துக்கு மேல் பழகிய ஏற்பாடு.

அதிலும் இரண்டு ரகம் உண்டு. அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் என்ற கலைப் பட்டம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் சேர்வதற்கான ஏணி. வேலைக்கு நேராகப் போகிறவர்கள் எடுப்பது தொழில்சார் அசோசியேட் பட்டம். வக்கீல் அலுவலக உதவியாளர், மழலையர் பள்ளி ஆசிரியர் போன்ற வேலைகளுக்கு அசோசியேட் பட்டமே வழக்கமான நுழைவுத் தகுதி என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே அந்தத் தாளுக்குக் கட்டம் இருக்கிறது. நம் நாட்டில் தாள் வந்துவிட்டது, கட்டம் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நாளைக்கு நம் ஆள்சேர்ப்பு விதிகளிலும் அது வரலாம். வந்தபின் பார்த்துக் கொள்ளலாம். இன்றைய விளம்பரத்தை வைத்துத்தான் இன்றைய முடிவு எடுக்க முடியும்.

நின்றே ஆக வேண்டும் என்றால்

இவ்வளவும் சொல்லிவிட்டு "நிற்காதே, படி" என்று உபதேசம் செய்து எழுந்து போவது எளிது. வீட்டு வாடகையை உபதேசம் கட்டாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 2024 ஜனவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மகள் தில்லியில் பி.ஏ. மூன்றாம் செமஸ்டர் முடித்திருந்தாள். பெயர் வேண்டாம். "இன்னிக்கே நிறுத்திடறேன் மாமா. எதாவது வேலை பாத்துக் குடுங்க" என்று வந்து நின்றாள். அவளுடைய அம்மாவுக்கும் அதே எண்ணம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஜனவரியில் நின்றால் கையில் முதல் வருஷச் சான்றிதழுக்கான கிரெடிட்தான். மே வரை தாக்குப் பிடித்தால் இரண்டு வருஷ கிரெடிட் முழுசாக வங்கியில் ஏறும். நடுவில் நாலு மாதம். உறவினர்கள் கைகொடுத்தார்கள். மாலையில் இரண்டு குழந்தைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். மே மாதம் தேர்வு எழுதினாள். அதன்பின் டிப்ளமா வாங்கிக் கொண்டு வெளியேறுவதற்குப் பதிலாக, மூன்றாம் வருஷத்தைத் தொலைநிலைக் கல்விக்கு மாற்றிக் கொண்டாள். தமிழ் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்றில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் "இரண்டு வருஷ டிப்ளமா" என்று எழுதவில்லை. "பி.ஏ. மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன்" என்று எழுதினாள். படிப்பை விட்டவள் என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போயிற்று. 2025-இல் பட்டமும் முடிந்தது. சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. இப்போது சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்கிறாள்.

எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போன வழியில் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

முதலாவது, நிற்பதானால் இரட்டைப்படை செமஸ்டர் முடிந்தபின் நில்லுங்கள். நடுவில் நின்றால் அந்த வருஷத்துக்குத் தாள் கிடையாது.

இரண்டாவது, கிளம்பும் முன் கிரெடிட் வங்கிக் கணக்கில் எல்லாப் பாடமும் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். மார்க் ஷீட், கல்லூரி மாறுவதற்கான சான்றிதழ் இரண்டையும் கையோடு வாங்குங்கள். பிறகு வாங்கிக்கலாம் என்று விட்டால் அலைய வேண்டிவரும்.

மூன்றாவது, டிப்ளமாவோடு வெளியேறினால் திரும்பிச் சேர வேண்டிய கடைசித் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று வருஷம் என்பது சம்பளம் வாங்க ஆரம்பித்தவருக்கு மூன்று மாதம் போல ஓடிவிடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்த மூன்று வருஷத்துக்குள்தான் கல்யாணப் பேச்சும் வரும். "அப்புறம் முடிச்சுக்கலாம்" என்று நின்ற படிப்பு பிறகு நடந்ததைவிட நடக்காததே அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, முடிந்தவரை வெளியேறாமல் மாறப் பாருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பிரிவு 1962-இல் தபால்வழிக் கல்வியாகத் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, இரண்டாம் வருஷம் படிக்கும்போதே கைக்கு ஒரு தொழில் சேர்த்துக் கொள்ளுங்கள். டைப்பிங், சுருக்கெழுத்து, கணக்கு மென்பொருள், தமிழ் எழுத்து, ஏதாவது ஒன்று. வெளியேறுபவருக்கு மானியக் குழு கேட்கும் அந்த 4 கிரெடிட் தொழில்சார் பாடத்தைச் சடங்காக முடிக்காமல், வேலைக்கு உதவும்படி தேர்ந்தெடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இரண்டாம் வருஷத்தில் நிற்க வேண்டிய நிலை வந்தால் அதை வெளியில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பணமுடையை மறைத்துப் படிப்பை நிறுத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு வழி செய்ய நம் சங்கத்திலேயே நாலு பேர் முன்வந்திருப்பார்கள். வெளியூரில் சங்கம் என்று ஒன்று வைத்துக் கொண்டிருப்பது பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் மட்டும்தானா?

இரண்டு வருஷக் கலைப் படிப்பு வீணல்ல. அது முக்கால் கட்டிய வீடு. மழைக்கு ஒதுங்கலாம், குடி போக முடியாது. கூரை போட மிச்சமிருப்பது ஒரு வருஷம்தான். அதை வேலை பார்த்துக் கொண்டே கட்டி முடிக்க இன்று வழி இருக்கிறது. வரும் ஜூன் மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கல்லூரி அலுவலகத்துக்குப் போகும் முன் மார்க் ஷீட்டையும் எடுத்துக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.